ஜே டில்லா அவ்வளவு பெரிய ஆளா? ஹிப்-ஹாப் ரசிகர்களின் தீராத சண்டைக்கு ஓர் அறிமுகம்

ஹிப்-ஹாப் பைத்தியங்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், எந்த ராப்பர் பெரியவர் என்ற பேச்சு ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். எந்த ப்ரொட்யூசர் பெரியவர் என்று ஆரம்பித்தால்தான் விடிய விடிய ஓடும். ஒருவர் டாக்டர் ட்ரே என்பார். இன்னொருவர் டிஜே ப்ரீமியர் என்பார். பீட் ராக், ரிஸா, டிம்பலண்ட், கான்யே என்று ஆளுக்கொரு பெயர் வரும். அதுவரை சும்மா இருந்த ஒருவர் "டில்லா" என்று சொல்லிவிட்டால் போதும், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி, இதில் பேசவே என்ன இருக்கிறது என்று தலையாட்டும். மறுபாதிக்குக் கோபம் வரும்: "அவர் செய்த ஹிட் என்ன? நாலு சொல்லு பார்ப்போம்."

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த வகைச் சண்டையைப் புரிந்துகொள்ள டில்லாவைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். ஹிப்-ஹாப் அதிகம் கேட்காதவர்களுக்கும் புரியும்படி, அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் ப்ரொட்யூசர் என்பவர் யார். நம் சினிமாவில்போல் பணம் போடுபவர் இல்லை. ராப்பர் பேசும் வரிகளுக்குக் கீழே ஓடும் இசையைச் செய்பவர். அந்த இசைக்குப் பொதுப் பெயர் பீட். பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நொடிகளை வெட்டி எடுப்பார்கள். அதுதான் சாம்பிள். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் லூப். அதன்மேல் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்), ஸ்னேர் (சுள்ளென்று ஒலிக்கும் சின்ன ட்ரம்), ஹை-ஹேட் (ஜோடி உலோகத் தட்டு) என்று ட்ரம்ஸ் அடுக்கினால் ஒரு பீட் தயார். 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள்கள் இரண்டை வைத்துக்கொண்டு, பாட்டில் ட்ரம்ஸ் தனியாக ஒலிக்கும் இடத்தை மட்டும் நீட்டி நீட்டி ஓட்டியதுதான் இதற்கெல்லாம் வித்து. எண்பதுகளின் நடுவில் மார்லி மார்ல், இசைத்தட்டில் இருக்கும் ஒரே ஒரு ஸ்னேர் அடியைத் தனியாக உருவி, அதை வைத்துப் புதுத் தாளம் கட்டலாம் என்று காட்டினார். அதற்குப் பிறகு ப்ரொட்யூசருக்குக் கருவி வாசிக்கத் தெரிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. காதும் ஓர் இயந்திரமும் இருந்தால் போதும்.

அந்த இயந்திரங்களில் ஒன்றுதான் அகாய் நிறுவனத்தின் எம்பிசி. ரோஜர் லின் வடிவமைத்தது. முதல் எம்பிசி 60 வந்தது 1988இல். டில்லாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட எம்பிசி 3000 வந்தது 1994இல். மேலே 16 ரப்பர் பட்டன்கள் இருக்கும். ஒவ்வொரு பட்டனிலும் ஓர் ஒலியை ஏற்றிவிட்டு விரலால் தட்டினால், தட்டியதை இயந்திரம் நினைவில் வைத்துக்கொண்டு லூப்பாக ஓட்டும்.

டில்லாவின் இயற்பெயர் ஜேம்ஸ் டெவிட் யான்சி. 1974 பிப்ரவரி 7ஆம் தேதி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். அப்பா ஜாஸ் பேஸ் வாசித்தவர், அம்மா மோரீனும் பாடுபவர். கோனன்ட் கார்டன்ஸ் என்ற வட்டாரத்தில் வளர்ந்த பையனுக்கு எம்பிசியைக் கற்றுக்கொடுத்தவர் ஆம்ப் ஃபிட்லர் என்ற உள்ளூர் கீபோர்ட் கலைஞர். எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் கியூ-டிப்பிடம் அவரை அறிமுகப்படுத்தி வைத்தவரும் அவரே. அதற்கப்புறம் வேகமாக நடந்தது. ஃபார்சைட் குழுவின் 1995 ஆல்பத்தில் 'ரன்னின்', டி லா சோலுக்கு 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை', 2000இல் காமனுக்கு 'தி லைட்', அதே ஆண்டு எரிகா பாடுவுக்கு 'டிட்ன்ட் சா நோ'. டி3, பாட்டின் என்ற நண்பர்களோடு ஸ்லம் வில்லேஜ் என்ற சொந்தக் குழு. முதலில் ஜே டீ என்றுதான் பெயர். ஜெர்மைன் டுப்ரி என்ற இன்னொரு ப்ரொட்யூசரையும் 'ஜேடி' என்றே எல்லாரும் கூப்பிட்டதால் ஜே டில்லா என்று மாற்றிக்கொண்டார். 2006 பிப்ரவரி 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ரத்த நோயாலும், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸாலும் இறந்தபோது வயது 32. அதற்கு மூன்று நாள் முன்னால், அவருடைய பிறந்தநாளில்தான், 'டோனட்ஸ்' என்ற 31 துண்டு இசைகள் கொண்ட ஆல்பம் வெளியாகியிருந்தது.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும். சண்டையின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது. அது ஸ்னேர் விழும் நேரத்தில் இருக்கிறது.

இதை விளக்க நமக்குக் கர்நாடக சங்கீதச் சொற்கள் இரண்டு கைவசம் இருப்பது பெரிய வசதி. ஒரு துடிப்பை நான்காகப் பிரித்தால் தகதிமி, சதுஸ்ரம். மூன்றாகப் பிரித்தால் தகிட, திஸ்ரம். இப்போது ஒரு துடிப்புக்குள் இரண்டு தட்டு மட்டும் தட்டுங்கள். இரண்டும் சம இடைவெளியில் விழுந்தால் அது நேரான நடை. இரண்டாவது தட்டைக் கொஞ்சம் தாமதித்து, தகிடவின் 'ட' விழும் இடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு துள்ளல் வந்துவிடும். ஜாஸ்காரர்கள் ஸ்விங் என்பது ஏறக்குறைய இதைத்தான். ரோஜர் லின் தன் இயந்திரத்தில் இந்தத் துள்ளலுக்கு ஓர் எண் வைத்தார். 50 என்றால் இரண்டும் சமம். 66 என்றால் கிட்டத்தட்ட திஸ்ரத்தின் 'ட'. நடுவில் 54, 58 என்று எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். தொண்ணூறுகளில் வந்த நல்ல ஹிப்-ஹாப் பீட்களில் பாதி இந்த நடு எண்களில் வாழ்ந்தவைதான்.

அதோடு குவான்டைஸ் என்று ஒரு வசதியும் உண்டு. விரல் கொஞ்சம் முன்னே பின்னே தட்டிவிட்டாலும், இயந்திரமே அந்த அடியை இழுத்துச் சரியான கட்டத்தில் உட்கார வைத்துவிடும். மனிதப் பிசகைத் துடைக்கும் துடைப்பான்.

டில்லா இந்தத் துடைப்பானைத் தூக்கி எறிந்தார், குவான்டைஸை அணைத்துவிட்டுக் கையால் தட்டினார், அவ்வளவுதான் ரகசியம் என்று ஒரு கதை உலாவுகிறது. பாதிதான் உண்மை. அணைத்துவிட்டுத் தட்டுவது யாருக்கும் முடியும், தாளம் தெரியாதவருக்கு இன்னும் சுலபமாகவே முடியும். டில்லாவின் பீட்களைக் கவனித்துக் கேட்டால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். ஹை-ஹேட் நேரான நடையில் போய்க்கொண்டிருக்கும். கிக் ஸ்விங்கில் சாய்ந்து தள்ளாடும். ஸ்னேர் தன் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னதாகவே வந்து விழும். அது முந்திக்கொள்வதால் மற்றதெல்லாம் பிந்தி வருவதுபோல் காதுக்குப் படும். பேஸ் இன்னும் சோம்பலாக, கடைசியில் வந்து சேரும். பாட்டுக்குப் பாட்டு இந்தக் கலவை மாறும், ஆனால் ஒரே பீட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நேர உணர்வுகள் மோதிக்கொள்வது மாறாது. சதுஸ்ரமும் திஸ்ரமும் ஒரே சமயத்தில் ஓடி, இரண்டும் விட்டுக்கொடுக்காத மாதிரி.

எவ்வளவு சின்ன அளவு இது என்று ஒரு கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 90 துடிப்பு வேகத்தில் ஒரு பீட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 667 மில்லிநொடி. எம்பிசி 3000 ஒவ்வொரு துடிப்பையும் 96 துணுக்குகளாகப் பிரிக்கிறது. ஒரு துணுக்கு சுமார் 7 மில்லிநொடி. ஸ்னேரை நான்கு துணுக்கு முன்னால் நகர்த்தினால் 28 மில்லிநொடி. ஒரு நொடியை 36 ஆக வெட்டினால் அதில் ஒரே ஒரு துண்டு. எண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் உடம்புக்குத் தெரியும். தலை தானாக ஆடும், ஆடுகிற தலை எங்கே இறங்குவது என்று கொஞ்சம் தடுமாறும். இப்படி ஒரு குறிப்பிட்ட ஒலியை மட்டும் முன்னே பின்னே நகர்த்தும் வசதி அந்த இயந்திரத்திலேயே உண்டு. எனவே இதைக் கைப்பிசகு என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. லூப் என்பது திரும்ப வருவது. முதல் தடவை ஸ்னேர் முந்தி விழும்போது தவறு என்று தோன்றும். இரண்டு ஆவர்த்தனம் கழித்து அதே இடத்தில், அதே அளவு முந்தி விழும்போது, ஓ, வேண்டுமென்றேதான் என்று காது ஒப்புக்கொள்ளும். எட்டாவது தடவை அது இல்லாமல் போனால்தான் தவறு என்று தோன்றும். ஜாஸிலும் ப்ளூஸிலும் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து வாசிப்பது டில்லாவுக்கு முன்பே வழக்கத்தில் இருந்ததுதான். "இதில் என்ன புதுசு?" என்று எதிர்ப்பக்கம் கேட்பது இதை வைத்துத்தான். புதுசு என்னவென்றால், அந்தத் தள்ளாட்டத்தை அப்படியே உறையவைத்து, நுணுக்கம் மாறாமல் மறுபடி மறுபடி ஒலிக்கவிட்டது. அது மனிதக் கையால் வருவதில்லை, இயந்திரமும் தானாகச் செய்வதில்லை.

இப்போது செல்வாக்கு என்ற பேச்சுக்கு வரலாம். தி ரூட்ஸ் குழுவின் ட்ரம்மர் குவெஸ்ட்லவ், தொண்ணூறுகளின் நடுவில் ஃபார்சைட்டின் ஒரு பாட்டு தூரத்தில் ஒலிப்பதைக் கேட்டதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குடித்துவிட்ட குழந்தை கிக்கை மிதிப்பதுபோல் இருந்தது, அதுவரை தாளம் தப்பாமல் வாசிப்பதையே பெருமையாக நினைத்திருந்த தனக்கு அது பெரிய விடுதலையாகப் பட்டது என்பது அவர் சொல்வதன் சாரம். அப்புறம் அவரும் டில்லாவும் டி ஆஞ்சலோவும் ஜேம்ஸ் பாய்சரும் சோல்குவேரியன்ஸ் என்ற பெயரில் நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் ஒன்றாகத் திரிந்தார்கள். அங்கே உருவான டி ஆஞ்சலோவின் 'வூடூ' ஆல்பம் 2000 ஜனவரியில் வந்தது. அதில் குவெஸ்ட்லவ் ட்ரம்ஸும் பீனோ பல்லாடினோ பேஸும் டில்லாவின் எம்பிசி தள்ளாடும் விதத்தைக் கையால் வாசிக்கிறார்கள். மற்ற ட்ரம்மர்கள் கேட்டால் தனக்குத் தாளம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று அப்போது பயந்ததாகவும் குவெஸ்ட்லவ் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் டில்லாவின் வழக்கு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அதுவரை ட்ரம் மெஷின் செய்பவர்களின் கனவு, இயந்திரம் மனிதரைப்போல் ஒலிக்க வேண்டும் என்பது. ரோஜர் லின் ஸ்விங் எண் வைத்ததே அதற்குத்தான். டில்லாவுக்குப் பிறகு உயிருள்ள ட்ரம்மர்கள் ஓர் இயந்திரத்திலிருந்து வந்த தாளத்தைப் பார்த்துப் பயிற்சி எடுத்தார்கள். கிறிஸ் டேவ், கரீம் ரிகின்ஸ் போன்றவர்களின் வாசிப்பைக் கேளுங்கள். பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் 2007 ஆல்பத்தில் டில்லாவின் பீட்களைக் கோத்து மூன்று பேர் வாசிக்கும் ஜாஸ் ட்ரியோவுக்கு ஏற்ற ஒரு வடிவம் வாசித்தார். பின்னால் 2012இல் வந்த அவருடைய 'பிளாக் ரேடியோ' கிராமி வாங்கியது. 2015இல் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஆல்பத்தில் வாசித்த ஜாஸ்காரர்கள் கூட்டத்திலும் கிளாஸ்பர் இருந்தார். டில்லாவின் பெயரே கேள்விப்படாத ஒருவர் இந்த ஆல்பங்களைக் கேட்டு, அதேபோல் வாசிக்கப் பழகலாம். பழகிக்கொண்டும் இருக்கிறார்கள். படிக்கும்போது கேட்க என்று இணையத்தில் மணிக்கணக்கில் ஓடும் லோ-ஃபை இசைக்கும் அவர்தான் ஒரு தாத்தா. இன்னொரு தாத்தா ஜப்பானிய ப்ரொட்யூசர் நுஜாபெஸ். இருவரும் பிறந்தது ஒரே நாள், ஒரே ஆண்டு. இதற்குப் பொருள் எதுவும் கிடையாது, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

டில்லாவின் இன்னொரு திறமை வெட்டுவது. இதைப் பார்க்க 'டோனட்ஸ்' ஆல்பத்தில் 'டோன்ட் க்ரை' என்ற துண்டைப் போடுங்கள். எஸ்கார்ட்ஸ் என்ற சோல் குழுவின் பழைய பாட்டு ஒன்று முதலில் அநேகமாக அப்படியே ஓடும். (அந்தக் குழு நியூஜெர்சியின் ராவே சிறையில் கைதிகளாக இருந்தவர்கள் சேர்ந்து தொடங்கியது. அது தனிக் கதை.) நாமும் சரி, பழைய பாட்டைப் போட்டுவிட்டார் என்று சாய்ந்து உட்காருவோம். திடீரென்று அதே பாட்டு துணுக்குத் துணுக்காகச் சிதறி, வேறு வரிசையில் கோக்கப்பட்டுத் திரும்பி வரும். ஒரு துணுக்கில் பாதி எழுத்து, இன்னொன்றில் ஒரு வயலின் இழுப்பின் வால். ஆனாலும் பாட்டின் அழுகை கலையாமல் இருக்கும். சொல்லப்போனால் கூடியிருக்கும். மூலத்தைக் காட்டிவிட்டு நம் கண்ணெதிரிலேயே அதை மாற்றிக்காட்டும் துணிச்சல் எல்லாருக்கும் வராது, பெரும்பாலான ப்ரொட்யூசர்கள் மூலத்தை ஒளிக்கவே பார்ப்பார்கள். சாம்பிள் என்றால் திருட்டுத்தானே என்று கேட்கும் நண்பர் யாராவது இருந்தால், பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் இந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டலாம்.

சரி, எதிர்த்தரப்பு.

அவர்களுடைய முதல் வாதம் ஹிட். டாக்டர் ட்ரேவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 கடைசியில் 'தி க்ரானிக்' வந்தபிறகு மேற்குக் கடற்கரை ராப்பின் ஒலியே மாறியது. ஸ்னூப் டாக், எமினெம், 50 சென்ட் மூன்று பேரும் அவர் கை பட்டு உலகப் பெயர் ஆனவர்கள். 50 சென்ட்டின் 'இன் டா க்ளப்' 2003இல் அமெரிக்கத் தரவரிசையில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. டில்லாவின் பக்கம் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. 'தி லைட்' கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டது, அவ்வளவுதான். அவர் பங்களித்த ட்ரைப்பின் 1996 ஆல்பம் முதலிடத்தில் வந்து இறங்கியது உண்மை. ஆனால் அது ட்ரைப்பின் பெயருக்கு விற்றது. அந்தக் காலத்து ரசிகர்கள் சிலர், பழைய ட்ரைப்பைக் கெடுத்ததே இந்தப் புதுப் பையன்தான் என்று திட்டவும் செய்தார்கள். கியூ-டிப், அலி ஷாஹீத் முகம்மதோடு சேர்ந்து 'தி உம்மா' என்ற கூட்டுப் பெயரில் வேலை செய்ததால் எந்த பீட் யார் செய்தது என்பதும் வெளியே தெரியாமல் போனது. ஜேனட் ஜாக்சனின் 1997 பாட்டு 'காட் டில் இட்ஸ் கான்' அவருடைய கைவண்ணம்தான் என்று ஒரு கூட்டம் இன்றும் சத்தியம் செய்கிறது. ஆல்பத்தில் போட்டிருக்கும் பெயர்கள் வேறு.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கூர்மையானது. பீட் செய்பவர் வேறு, ப்ரொட்யூசர் வேறு என்பது அது. ட்ரே ஸ்டுடியோவில் ஓர் இயக்குநர் மாதிரி. கீபோர்டுக்கு ஸ்காட் ஸ்டார்ச், பேஸுக்கு மைக் எலிஸாண்டோ என்று ஆட்களை வைத்துக்கொண்டு, ராப்பரை ஒரே வரியை மறுபடி மறுபடி பேசவைத்து, ஆல்பத்தின் கடைசி ஒலி வரை தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர். டில்லா பெரும்பாலும் டெட்ராய்ட்டில் வீட்டு அடித்தளத்தில் தனியாக உட்கார்ந்து பீட் செய்து, அவற்றை டேப்பிலும் சிடியிலும் அனுப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டவர். ஒரு ராப்பரை உருவாக்கி, ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை செதுக்கி, ஒரு வாழ்க்கைப் பாதையை அமைத்துக்கொடுக்கும் வேலையை அவர் அதிகம் செய்யவில்லை. ஸ்லம் வில்லேஜ் உண்டு, காமனின் ஆல்பத்தில் பெரும்பகுதி உண்டு, மேட்லிப் என்ற ப்ரொட்யூசரோடு சேர்ந்து செய்த 'சாம்பியன் சவுண்ட்' உண்டு. அதற்குமேல் நீட்டினால் இழுக்க வேண்டியிருக்கும். பெரிய நிறுவனம் ஒன்றுக்காக அவர் ராப் பாடிச் செய்த ஆல்பம் அலமாரியில் கிடந்து, 2016இல்தான் 'தி டைரி' என்று வெளிவந்தது. இந்த வாதத்தில் நான் எதிர்த்தரப்போடுதான் நிற்கிறேன். முழு ஆல்பத்தைக் கட்டும் ப்ரொட்யூசர் என்று பார்த்தால் ட்ரேவுக்குப் பின்னால்தான் டில்லா. இசைத்தட்டைத் தேய்த்தே ஒரு பல்லவி உண்டாக்கும் ப்ரீமியரையும், ஒன்பது பேர் கொண்ட வூ-டாங் கும்பலை ஒரே ஒலிக்குள் அடைத்த ரிஸாவையும்கூட இந்த அளவுகோலில் முன்னால் வைக்கலாம்.

மூன்றாவது வாதம்தான் சண்டையை அடிதடிக்குக் கொண்டுபோவது: செத்ததால்தான் பெரியவர் ஆனார். உயிரோடு இருந்தவரை சக கலைஞர்களுக்குத்தான் அவரைத் தெரியும். இறந்தபிறகு டில்லா என் வாழ்க்கையை மாற்றினார் என்று எழுதிய டி-ஷர்ட்கள் வந்தன. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நினைவு நிகழ்ச்சிகள். 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் மிகேல் அட்வுட்-ஃபெர்குசன் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்து அவர் பீட்களை வாசித்துக்காட்டினார். அவருடைய எம்பிசி 3000 இப்போது வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, அம்மா மோரீன் கொடுத்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவரைப் பற்றித் தனிப் பாடமே நடந்திருக்கிறது. மரணம் கூட்டிய ஒளிவட்டம் இதில் எவ்வளவு என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஒளிவட்டத்துக்கு நல்ல உதாரணம் 'டோனட்ஸ்' கதை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, மரணத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஒரு சின்ன சாம்பிளரும் பழைய இசைத்தட்டுகளுமாக முழு ஆல்பத்தையும் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. ஆஸ்பத்திரியில் வேலை செய்தது உண்மை. கை வீங்கி விரல் மடங்காதபோது தான் பிடித்துவிட்டதாக அம்மாவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஆல்பத்தின் பெரும்பகுதி, அவர் ஏற்கெனவே செய்து நண்பர்களுக்குக் கொடுத்திருந்த ஒரு பீட் சிடியிலிருந்து வளர்ந்தது. அதை நீட்டி ஆல்பமாக்கியதில் அதை வெளியிட்ட ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனத்தின் ஜெஃப் ஜாங்குக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் துண்டுக்கு 'அவுட்ரோ' என்று பெயர், கடைசித் துண்டுக்கு 'வெல்கம் டு தி ஷோ'. முடிவிலிருந்து ஆரம்பித்து ஆரம்பத்தில் முடியும் வட்டம். இதைச் சாகப்போகிறவரின் செய்தி என்று படிப்பதா, பெயர் வைப்பதில் குறும்புக்காரர் ஒருவரின் விளையாட்டு என்று படிப்பதா? ரசிகர்கள் முதல் வாசிப்பைத்தான் விரும்புவார்கள். ஆல்பம் இரண்டையும் தாங்கும்.

என்றாலும், செத்ததால்தான் பெரியவர் என்ற வாதத்தை ஒரு தேதி உடைக்கிறது. 'வூடூ' வந்தது 2000இல். அப்போது டில்லாவுக்கு 25 வயது, நோய் தலைகாட்டவே இல்லை. குவெஸ்ட்லவ் தன் வாசிப்பை மாற்றிக்கொண்டது அதற்கும் முன்னால். கியூ-டிப் 1994லேயே அவரைக் கண்டுகொண்டார். பொதுமக்கள் மத்தியில் புகழ் மரணத்துக்குப் பின் வந்தது. செல்வாக்கு, அதாவது மற்றவர்களின் கைகளை மாற்றுவது, பத்து ஆண்டுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

இந்த மாதிரி வாக்குவாதம் உங்கள் நண்பர்களிடம் வந்தால், "பெரியவர்" என்ற சொல்லுக்குள் யார் எதை வைத்துப் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒருவர் மனதில் விற்பனை இருக்கும். இன்னொருவர் மனதில், ஒரு பீட்டைக் கேட்ட மாத்திரத்தில் வரும் சிலிர்ப்பு. மூன்றாமவருக்கு, அவருக்குப் பின் வந்தவர்கள் எப்படி மாறினார்கள் என்பது. செல்வாக்கைப் பற்றி மட்டும் பேசுவதானால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். அவர் இல்லாவிட்டாலும் இது வேறு யாராவது மூலம் வந்திருக்குமா? பெயர் தெரியாதவர்கள்கூட அதைப் பயன்படுத்துகிறார்களா? 'தி க்ரானிக்' ஆல்பத்தில் கேட்கும் ட்ரேவின் ஜி-ஃபங்க் ஒலியை இன்று யாராவது பயன்படுத்தினால் அது 1992ஐ நினைவூட்டுவதற்காக என்று உடனே தெரிந்துவிடும். டில்லாவின் தள்ளாட்டம் அப்படி ஒரு காலகட்டத்தோடு கட்டிப்போடப்படவில்லை. ஜாஸ் ட்ரம்மர், நியோ-சோல் பாடகி, படுக்கையறையில் லேப்டாப் வைத்திருக்கும் பையன் என்று யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் புழங்குகிறார்கள். அதனால் தாளத்தில் செல்வாக்கு என்று கேட்டால் கடந்த முப்பது ஆண்டில் அவருக்கு நிகராக இன்னொரு ஹிப்-ஹாப் ப்ரொட்யூசரை என்னால் காட்ட முடியவில்லை. எல்லாவற்றிலும் பெரியவர் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போட மாட்டேன்.

ட்ரே ரசிகர்கள் இதற்கும் பதில் வைத்திருப்பார்கள். எமினெம் என்ற ஒருவரை உலகத்துக்குக் கொண்டுவந்தது செல்வாக்கு இல்லையா, எமினெமும் அதே டெட்ராய்ட்காரர்தானே என்பார்கள். நல்ல பதில்தான்.

கேட்டுப் பார்க்க ஆசை வந்திருந்தால், 'டோனட்ஸ்' ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். துண்டு துண்டாக ஓடுவதால் முதல் தடவை கேட்பவருக்கு ரேடியோவை யாரோ திருகிக்கொண்டே இருப்பதுபோல் படும். 'ரன்னின்' முதலில். லூயிஸ் போன்ஃபாவின் பிரேசில் கிட்டாரை எடுத்து எவ்வளவு மென்மையாக உட்காரவைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அப்புறம் 'தி லைட்', பாபி கால்ட்வெல்லின் குரலைத் துணுக்காக்கிப் பல்லவியாக மாற்றியிருப்பார். அதற்கடுத்து ஸ்லம் வில்லேஜின் 'ஃபால் இன் லவ்'. இதைக் கேட்கும்போது மட்டும் கையால் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள், ஸ்னேரோடு சேர்ந்து விழ முடிகிறதா என்று. ஹெட்போன் இருந்தால் நல்லது, போன் ஸ்பீக்கரில் கிக்கும் பேஸும் கேட்காது, அவை இல்லாமல் இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் காதில் விழாது. 'வூடூ' அதற்குப் பிறகு. 'டோனட்ஸ்' கடைசியில், ஒரே மூச்சில், இடையில் நிறுத்தாமல். முக்கால் மணி நேரம்கூட இல்லை.